பதில் அனுப்ப வேண்டாம் என்றோர் அழைப்பு

மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் முனை வீடுகூட இல்லாத ஒரு நடு வீட்டில் குடியிருக்கும் புவனேஸ்வரன் ஒரு ராஜா. இது அவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். அங்கே அவர் சொல்லைச் சாமான் தூக்கும் வண்டிகூடக் கேட்பதில்லை. வீட்டில் மனைவி தேவமலர் கேட்பாள். கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வாள். ஆகவே அவருடைய ராஜ்ஜியம் மின்னஞ்சல் பெட்டிக்குள் இருந்தது.

அதன் பெயர் ‘கொல்லைப்புறம்’. மலாக்காவிலும் சுற்றுவட்டாரத்திலும், வீட்டுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கும் அளவு மண்ணை வைத்துக்கொண்டு, அதில் கறிவேப்பிலையும் முருங்கையும் பாகலும் வளர்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் தமிழர்களின் மின்னஞ்சல் குழு. ஒருவர் எழுதினால் எல்லோருடைய பெட்டியிலும் போய் விழும். பதில் எழுதினால் அதுவும் எல்லோருக்கும் போகும். இருபது வருடங்களுக்கு முன்னால், இணையம் தொலைபேசிக் கம்பியில் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு வந்த காலத்தில், புவனேஸ்வரன் அதைத் தொடங்கினார். தொடங்கியதால் நிர்வாகி ஆனார். நிர்வாகி ஆனதால் வேறு யாரும் ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டார். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தச் சர்க்கரை தான்தான் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் இனித்தது.

அந்த ராஜ்ஜியத்தில் அவரை வாட்டிய குறை ஒன்றே ஒன்று. தெங்கேராவில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கும் சுசீலா அக்கா, ஆரம்ப காலத்தில் ஒருநாள், ‘கறிவேப்பிலையில் மாவுப்பூச்சி’ என்று தலைப்புப் போட்டு ஒரு கடிதம் எழுதினார். வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லி நாலு பேர் பதில் எழுதினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் நம் ஆட்களுக்குப் புதுக் கடிதம் தொடங்கும் பழக்கம் கிடையாது. குழுவின் முகவரியை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? கடைசியாக வந்த கடிதத்தைத் திறந்து, பதில் என்ற பொத்தானை அழுத்தி, மனதில் உள்ளதை எழுதிவிடுவார்கள். அதனால் பிறகு வந்த எல்லாமே மாவுப்பூச்சிக்குப் பதிலாகவே வந்தன. உம்பாயில் ஐஸ் லோரி ஓட்டும் அங்கமுத்துவின் மகள் கல்யாணம் மாவுப்பூச்சியில் வந்தது. யாருக்கோ முழங்கால் அறுவைச் சிகிச்சை மாவுப்பூச்சியில் நடந்தது. சுசீலா அக்காவின் கணவர் இறந்த செய்தியும் அதே தலைப்பில்தான் வந்தது. முதல் மாவுப்பூச்சி செத்து, அந்தச் செடியும் செத்து, அது நின்ற இடத்தில் அக்கா சிமெண்ட் போட்டு ஸ்கூட்டர் நிறுத்த ஆரம்பித்த பிறகும் தலைப்பு மட்டும் சாகவில்லை.

“அன்புள்ள உறுப்பினர்களுக்கு, தயவுசெய்து புதிய விஷயத்துக்குப் புதிய தலைப்பு இடவும்” என்று புவனேஸ்வரன் வருடத்துக்கு ஒருமுறை சுற்றறிக்கை விடுவார். “சரிங்கண்ணே” என்று எல்லோரும் பணிவாகப் பதில் போடுவார்கள். அதுவும் மாவுப்பூச்சியின் கீழ்தான் வரும்.

அவர் தன்னைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. நிர்வாகி சொந்தக் கதை பேசினால் பதவிக்கு அழகில்லை என்று நினைத்தார். மூட்டுவலியைச் சொல்லவில்லை. மகள் ஷாமினி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வீடு வெறிச்சென்று ஆனதைச் சொல்லவில்லை. வரும் டிசம்பரோடு வேலை ஓய்வு என்பதையும் சொல்லவில்லை. ஆனால் அந்த டிசம்பரை நினைத்து அவர் பயந்துகொண்டிருந்தார். தேவமலருக்குக் கோயில் இருக்கிறது, பஜனை இருக்கிறது, பசாரில் நின்று பேசப் பத்துத் தோழிகள் இருக்கிறார்கள். அவருக்கு? காலை எட்டு மணிக்குக் கிடங்கின் கதவைத் திறக்க அவர் வந்தே ஆகவேண்டும். அந்த எட்டு மணிக்காவது அவரை எதிர்பார்த்து நாலு பேர் நிற்பார்கள். டிசம்பருக்குப் பிறகு அவரை எதிர்பார்க்க மிஞ்சுவது கொல்லைப்புறம் ஒன்றுதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்த அறிவிப்பு வந்தது. இத்தனை வருடமாக இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம், இனி மின்னஞ்சல் குழுக்களை நடத்தப்போவதில்லை, வருட முடிவுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும் என்று சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் போகலாம் என்றால், அதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாகிவிட்டது. முதல் வாரம் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், இரண்டாம் வாரம் அரசியல், மூன்றாம் வாரம் பாதிப் பேர் வெளிநடப்பு. அதனால் இணையத்தில் ஒரு மன்றம் கட்டுவதென்று புவனேஸ்வரன் முடிவெடுத்தார். தலைப்புத் தலைப்பாகப் பிரித்து உட்கார்ந்து பேசலாம். எல்லாம் ஒழுங்காக இருக்கும். முக்கியமாக, மாவுப்பூச்சி இருக்காது.

காணொளி பார்த்துப் பார்த்து, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, அதைக் கட்டி முடித்தார். பூச்சிக்கு ஒரு பிரிவு, மண்ணுக்கு ஒரு பிரிவு, விதைக்கு, உரத்துக்கு, பூவுக்கு, காய்க்கு, கொடிக்கு என்று பிரித்தார். கொடியில் பந்தல் உள்ளது ஒன்று, பந்தல் இல்லாதது ஒன்று. உறுப்பினர்களுக்குப் படிநிலையும் வைத்தார். புதிதாக வருபவர் ‘நாற்று’. கொஞ்சம் எழுதினால் ‘கன்று’. நிறைய எழுதினால் ‘மரம்’. அதற்கும் மேலே ‘ஆலமரம்’. அந்தப் படியில் ஒரே ஒருவர் இருந்தார். அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

திறந்த மன்றம் காலியாக இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் ‘யுவனேஸ்வரன்’ என்ற பெயரில் இன்னோர் ஆளாகவும் உள்ளே போனார். யுவனேஸ்வரன் கேள்வி கேட்பார்; புவனேஸ்வரன் பதில் சொல்வார். “அருமையான விளக்கம் ஐயா, மிக்க நன்றி” என்று யுவனேஸ்வரன் நெகிழ்வார். மாறுவேடத்துக்கு இதைவிடத் தூரமான பெயர் அவருக்கு அகப்படவில்லை.

பிறகு ஒரே பொத்தானில் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பினார். மென்பொருளே அழகாக எழுதி அனுப்பிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதும் சிரமம் இல்லை. அனுப்பிவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரம் முழுக்க ராஜா ஈ ஓட்டினார்.

ஒருநாள் மட்டும் புதிதாக ஒரு பெயர் பதிவாகியிருந்தது: ‘பெஸ்ட் ஷூஸ்’. புவனேஸ்வரனுக்கு மனம் குளிர்ந்தது. யாரோ காலணிக் கடைக்காரர் போலிருக்கிறது, தாமான் குடியிருப்புப் பக்கம் புதிதாகக் கடை போட்டவராக இருக்கலாம். “வருக, வருக! தங்களுக்கு எந்த ஊர்? என்ன செடி வளர்க்கிறீர்கள்?” என்று எழுதினார். பதில் உடனே வந்தது: பாதி விலையில் ஓட்டக் காலணி. “நல்லது. நாங்கள் இங்கே செடிகளைப் பற்றி அதிகம் பேசுவோம்” என்று பக்குவமாக எழுதினார். மறுபடியும் ஓட்டக் காலணி. அது மனிதரே இல்லை, ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டிக்கொண்டு அலையும் ஒரு நிரல் என்று புரிவதற்குள் அதோடு அவர் கால்மணி நேரம் பேசியிருந்தார். புரிந்த பிறகும் உடனே அதை நீக்க மனம் வரவில்லை. வந்த ஒரே ஆள் அதுதானே.

இதற்கிடையில் பழைய குழுவில் மாவுப்பூச்சி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. முருங்கைப் பூ உதிர்வதைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். புது மன்றத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. “மூன்று மாதம் உழைத்துக் கட்டியிருக்கிறேன். அழைப்பும் அனுப்பியிருக்கிறேன். வருட முடிவில் இந்தக் குழு மூடப்படும். அதற்குப் பிறகு வருந்திப் பயனில்லை” என்று காரமாக ஒரு கடிதம் எழுதினார். அதோடு முருங்கைப் பூவும் நின்றுபோனது. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஓர் அமைதியை அவர் கண்டதில்லை. அவருடைய கோபம் போய்ப் பயம் வந்தது. தன் ராஜ்ஜியத்தைத் தானே கலைத்துவிட்டோமோ என்று பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார்.

சனிக்கிழமை தேவமலர் தெங்கேராவுக்கு ரவிக்கை வாங்கப் போய்விட்டு வந்தாள். பையைக்கூட வைக்கவில்லை, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“என்னங்க, சுசீலாக்காவுக்கு நீங்க என்னா அனுப்பி வச்சீங்க?”

“அழைப்பு.”

“அழைப்பா அது? அந்தக்கா அவ்வளவு வருத்தமா இருக்காங்க. ‘உன் வீட்டுக்காரரு புதுசா இடம் கட்டியிருக்காராமே மலரு, நல்லா இருக்கட்டும், ஆனா இருவது வருசமா பழகுன ஆளுக்கு ஒரு வார்த்த சொல்லலையே’ன்னு கேக்குறாங்க. எனக்கு மூஞ்ச எங்க வச்சிக்கிறதுன்னு தெரியில.”

“வார்த்தை சொல்லாம என்னா? மெயில் போயிருக்கே லா!”

தேவமலர் தன் கைத்தொலைபேசியை நீட்டினாள். அக்கா அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். புவனேஸ்வரன் தாம் அனுப்பியதை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் படித்தார். மேலே, ‘அன்புள்ள பயனர்’. நடுவில், ‘நீங்கள் மனிதர்தான் என்பதை முதலில் நிரூபிக்கவும்’. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘நிர்வாகம்’. எல்லாவற்றுக்கும் கீழே தடித்த எழுத்தில், ‘இந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.’

“ஒருத்தர கூப்புடுறீங்க. பேரு சொல்லி கூப்புடல. யாரு கூப்புடுறான்னும் சொல்லல. நீ மனுசன்தானான்னு கேக்குறீங்க. கடைசில திரும்பப் பேசாதன்னு வேற சொல்றீங்க. உங்க தங்கச்சி கல்யாணப் பத்திரிகைல மாமா பேரு விட்டுப்போச்சின்னு அவரு எத்தன வருசம் பேசாம இருந்தாரு? நம்ம சனத்துக்கிட்ட இப்பிடி அனுப்புனா யாருங்க வருவா?”

புவனேஸ்வரன் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பத்திரிகையில் மாமா பெயரை விட்டவரும் அவர்தான்.

“எல்லார் பெட்டிக்கும் கடுதாசி தானா போயி விழுந்துச்சி, இத்தன நாளு. வாங்கி படிச்சாங்க. இப்ப அவங்க நடந்து உங்க எடத்துக்கு வரணும். ஒரு வீட்டுக்கு வரணும்னா மொறையா போயி கூப்புடணும்” என்றாள் தேவமலர். பிறகு பித்தளைத் தட்டைத் தேட உள்ளே போனாள்.

அப்படியாக, ஓர் இணைய மன்றத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் பெருமை புவனேஸ்வரனுக்கு வாய்த்தது. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம். தேவமலர் பட்டுப் புடவை. அவர் வேட்டி. காரில் போகும்போது தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். சிக்னலில் நின்றபோது கிடங்கில் வேலை பார்க்கும் பையன்கள் நாலு பேர் பக்கத்துக் காரிலிருந்து கும்பிட்டார்கள்.

சுசீலா அக்கா தையல் இயந்திரத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “வாங்க” என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த குளிரில் தட்டிலிருந்த வெற்றிலையே வாடியிருக்கும்.

“அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. புதுசா ஒரு எடம் கட்டியிருக்கேன். கம்ப்யூட்டர்லதான். அடுத்த ஞாயித்துக்கெழம காலையில ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள நல்ல நேரம். நீங்க வந்து ஆரம்பிச்சி வைக்கணும்” என்று புவனேஸ்வரன் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

அக்கா எழுந்து, கையைத் துடைத்து, வெற்றிலையை எடுத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது. “இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல தம்பி? இருவது வருசத்துல இன்னிக்கித்தான் என் வாசப்படி தெரிஞ்சிச்சா?” என்றார். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. புக்கிட் பெருவாங்கிலிருந்து தெங்கேரா எத்தனை தூரம்? தினம் கடிதத்தில் பார்த்த மனிதர்களில் ஒருவர் வீட்டுக்கும் அவர் போனதில்லை. ராஜாக்கள் போகமாட்டார்கள் என்று நினைத்திருந்தார் போலும்.

உம்பாயில் அங்கமுத்து லோரியைக் கழுவிக்கொண்டிருந்தவர், குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். “அண்ணே, நீங்களா? வேலாயி, யாரு வந்திருக்கான்னு பாரு, மொடரேட்டர் அண்ணன்!” அவர் மனைவி வேலாயி எட்டிப் பார்த்து, “இவ்வளவு குட்டையா இருக்காரு? எழுத்தப் பாத்து நான் ஒசரமா நெனச்சேன்” என்றாள். நண்டுக் குழம்போடு சோறு போடாமல் விடவில்லை. சாப்பிட்டதும் அங்கமுத்து பழம் எடுத்தார், வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “கட்டாயம் வர்றோம் அண்ணே.”

போன இடத்திலெல்லாம் சாப்பாடு. போன இடத்திலெல்லாம் “எடுத்துட்டுப் போங்க” என்று ஒரு கன்று. கார் நிறையச் சமையலுக்கு வாசனை சேர்க்கும் செராயும் பண்டானும் கத்திரி நாற்றும் ஏறின. தூரத்தில் இருந்தவர்களைத் தொலைபேசியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். புவனேஸ்வரன் இரவோடு இரவாக மென்பொருளை வலுப்படுத்தினார். ஒரே நேரத்தில் இவ்வளவு பேர் நுழைந்தால் இயங்காமல் போய்விட்டால்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. அதன் மூடியில் தேவமலர் சந்தனம் குங்குமம் வைத்தாள், பக்கத்தில் குத்துவிளக்கு. அடுப்பில் பால். பாத்திரம் ஏன் இவ்வளவு பெரிது என்று அவர் கேட்கவில்லை. பின்பக்கம் கோயில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் நாற்காலிகள் ஏன் அடுக்கியிருக்கின்றன என்றும் கேட்கவில்லை. அவர் கண்ணெல்லாம் திரையின் மூலையில் இருந்தது. ‘இப்போது உள்ளே இருப்பவர்கள்: 1.’

பால் பொங்கியது. ஒன்று. அது அவரே. ஒன்பதரைக்கு இரண்டானது, பாய்ந்து பார்த்தார். பெஸ்ட் ஷூஸ்.

பத்து மணிக்கு அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “மலரு,” என்றார், “வெத்தலைய வாங்கிக்கிட்டு ஏமாத்திட்டாங்க.” தேவமலர் டம்ளர்களை அடுக்கினாள். “எனக்கு டிசம்பரோட வேல முடியுது. அப்பறம் காலையில எட்டு மணிக்கி என்னைய யாரு தேடுவா? இந்தக் குரூப்பும் போச்சின்னா நான் எங்க போவேன்?” யாரிடமும் சொல்லாததை, வேட்டியும் விபூதியுமாக ஒரு குத்துவிளக்கின் முன்னால் சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது.

தேவமலர் கடைசி டம்ளரையும் வைத்தாள். “மொதல்ல போயி அந்த கேட்ட தொறங்க. பூட்டி வச்சிக்கிட்டு வரல வரலன்னா?”

வெளியே ஓர் ஐஸ் லோரி, பக்கத்து வீட்டுச் சீனரின் காரை உரசாமல் நிற்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து அங்கமுத்து இறங்கினார், வேலாயி இறங்கினாள், பின்னால் ஒரு வாழைக்கன்றும் இறங்கியது. லோரிக்குப் பின்னால் வரிசையாகக் கார்கள். சுசீலா அக்கா தட்டில் தேங்காய் பழத்தோடு வந்தார். தெரு முழுக்கப் பட்டுப் புடவை.

“அண்ணே, காடி நிறுத்த எடமே இல்ல லா. சிக்னல்லயே கால்மணி நேரம் போச்சி” என்றார் அங்கமுத்து.

புவனேஸ்வரன் உள்ளே மேசையில் இருந்த மடிக்கணினியைக் கைகாட்டினார். “நான் கம்ப்யூட்டர்லதானே வரச் சொன்னேன்!”

“தெரியும் தம்பி,” என்றார் சுசீலா அக்கா. “கம்ப்யூட்டர்ல வர்றதுக்கு வெத்தல எதுக்கு? வெத்தல எடுத்தா வாசலுக்கு வரணும். வராம இருந்தா யாருக்குக் கேவலம்?” சொல்லிவிட்டு வலது காலை வைத்து உள்ளே போனார்.

தேவமலர் முன்கூட்டியே சொல்லிவைத்த இட்லியும் சாம்பாரும் பின்வாசலில் வந்து இறங்கின. வெற்றிலைத் தட்டை எடுத்த அன்றே யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதவர் வீட்டில் ஒருவர்தான்.

பசியாறிய பிறகு பதிவு ஆரம்பமானது. ஆளுக்கொரு கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு, ‘நீங்கள் மனிதரா’ என்ற சோதனையை எல்லோரும் கூடிக் கூடி எழுதினார்கள். மோட்டார் சைக்கிள் இருக்கும் படங்களைத் தொடச் சொன்னது. “இது மோட்டார் இல்ல, நெழலு.” “தொடுங்க, தொடுங்க, வண்டியோட சக்கரம் தெரியுது பாருங்க.” அங்கமுத்து முதல் தடவை தோற்றுப்போனார். “நான் மனுசன் இல்லியாம் வேலாயி!” “அத எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்” என்றாள் வேலாயி.

உள்ளே போனதும் சுசீலா அக்காவின் குரல் உயர்ந்தது. “ஏன் தம்பி, என் பேருக்குக் கீழ ‘நாற்று’ன்னு போட்டிருக்கு? எனக்கு வயசு அறுவத்தி ஏழு. நானு நாத்து, நீங்க ஆலமரமா?” புவனேஸ்வரன் அங்கேயே நின்றபடி படிநிலை மொத்தத்தையும் நீக்கினார். ஓர் ஆலமரம் இவ்வளவு சீக்கிரம் சாய்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“அண்ணே, இந்த யுவனேஸ்வரன் யாரு? ரொம்ப மரியாதையா பேசுறாரு,” என்றார் அங்கமுத்து. “அவரு வரலையா? அவர கூப்புடலையா?”

எல்லோரும் புவனேஸ்வரனைப் பார்த்தார்கள்.

“அவரு வெளியூர் போயிட்டாரு,” என்றாள் தேவமலர். “இனிமே வரமாட்டாரு.”

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. சுசீலா அக்கா திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். பந்தல் உள்ள கொடி, பந்தல் இல்லாத கொடி, எல்லாவற்றையும் தாண்டினார். “தம்பி, மாவுப்பூச்சி எங்க?”

“அது பழசுக்கா. குப்ப. நான் எடுத்துட்டு வரல. இங்க எல்லாம் ஒழுங்கா, தனித்தனியா…”

“குப்பையா?” அக்கா கண்ணாடியைக் கழற்றினார். “எங்க வீட்டுக்காரரு தவறினப்ப அதுலதான் எல்லாரும் எழுதுனீங்க. நான் இன்னும் அப்பப்ப போயி படிப்பேன். புது வீட்டுக்குப் போறப்ப ஆளுங்கள விட்டுட்டு சட்டிபானைய மட்டும் தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கே.”

அங்கமுத்து மெதுவாக, “எம் மக கல்யாணமும் அதுலதான் இருக்கு” என்றார். புவனேஸ்வரனுக்குத் தலை குனிந்தது. வருடாவருடம் சுற்றறிக்கை விட்டு அவர் ஒழிக்கப் பார்த்தது பூச்சியை அல்ல. “கொண்டாந்துடுறேன்க்கா” என்றார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, அதைக் கடிதம் கடிதமாகப் புது மன்றத்துக்குக் கொண்டுவந்து, எல்லாப் பிரிவுகளுக்கும் மேலே உட்கார வைத்தார். வைத்த அன்றே அதில் பேச்சு ஓட ஆரம்பித்துவிட்டது. பந்தல் உள்ள கொடியும் பந்தல் இல்லாத கொடியும் இன்றுவரை காலியாகத்தான் கிடக்கின்றன.

டிசம்பரில் கிடங்கில் ஒரு கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் அவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். அவர் அந்தத் துண்டையே எடுத்துச் சாப்பிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் மடிக்கணினியைத் திறந்தார். ‘புதிய தலைப்பைத் தொடங்கு’ என்ற பொத்தான் பச்சை நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அதை வைத்தவரே அவர்தான். அவர் அதைத் தாண்டிப் போய், ‘கறிவேப்பிலையில் மாவுப்பூச்சி’யைத் திறந்து, கடைசிக் கடிதத்துக்குப் பதில் என்று அழுத்தினார்.

‘எல்லோருக்கும் வணக்கம். இன்றோடு எனக்கு வேலை முடிந்துவிட்டது. நாளை முதல் காலையில் எனக்குப் போக இடமில்லை. கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. சொல்ல வேண்டும் போலிருந்தது.’

எழுதி அனுப்பிவிட்டு, அழித்துவிடலாமா என்று கையைக் கொண்டுபோனார். அதற்குள் பதில் வந்துவிட்டது. சுசீலா அக்கா. ஆறுதல் ஒன்றும் இல்லை.

‘தம்பி, நாளைக்கி நான் பசாருக்குப் போகணும். ஸ்கூட்டர் ரிப்பேரு. எட்டு மணிக்கி காடி எடுத்துட்டு வந்துடுங்க. லேட் பண்ணாதீங்க, மீன் போயிரும்.’

அதற்குக் கீழே அங்கமுத்து எழுதியிருந்தார்: ‘அண்ணே, நாளான்னிக்கி நம்ம வீட்டுக்கு. பந்தல் போட ஆள் வேணும்.’

புவனேஸ்வரன் இரண்டையும் மறுபடியும் படித்தார். கண்ணாடி மங்கிவிட்டது; துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, நாளைக்குக் காலையில் எட்டு மணிக்குத் தனக்கு வேலை இருக்கிறது, சீக்கிரம் எழுப்பிவிட வேண்டும் என்று தேவமலரிடம் உத்தரவு போட்டார்.